முரசுக்குள் ஒரு வேலி: அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. இடது பக்கக் கீழ்க் கொடுப்புப் பல்லில் முரசு (ஈறு) விட்டுப்போய், பல் வைத்தியர் அளந்தபோது 8 மில்லிமீற்றர் ஆழம் என்றார். துப்புரவு செய்து இரண்டு மாதம் கழித்து அளந்தும் 7 நிற்கிறது. முரசைத் திறந்து எலும்புத் தூள் வைத்து, மேலே கொலாஜன் மெம்பிரேன் போட்டுத் தைக்க வேண்டுமாம். அது தானாகக் கரைந்துவிடுமாம். தம்பிக்கு 29. மோட்டார் சைக்கிளில் விழுந்து மேல் முன்பல் இரண்டு போய் இரண்டு வருடமாகிறது. இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க எலும்பு காணாதென்று அவனுக்கும் மெம்பிரேன் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது டைட்டேனியம் வைத்தது, கரையாது, எட்டு மாதத்தில் திறந்து எடுக்க வேண்டும், விலையும் கூட. ஒரே கிளினிக்கில் இரண்டு பேருக்கு இரண்டு விதம் ஏன்? மெம்பிரேனை விட்டுத் தூளை மட்டும் வைத்தால் செலவு குறையாதா? நாங்கள் சைவம், இவை மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா வருகின்றன? ரொரன்ரோவில் இருக்கும் அண்ணா நல்லதாகப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அம்மா சலரோகக் குளிசை எடுப்பவர், வெற்றிலையும் போடுவார்.

வாசகி, கோண்டாவில்

பதில்: இரண்டு பேருக்கும் இரண்டு விதம் சொன்னதில் பிழை எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பல் இருக்கிறது. பல்லைச் சுற்றிக் கரைந்த எலும்பை மீட்கப் பார்க்கிறார்கள். தம்பிக்குப் பல்லே இல்லை. பல் போன வெறும் எலும்பு மேட்டில் புதிதாக எலும்பு எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் மெம்பிரேன் என்ற ஒரே பெயர் இருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அதற்குள்தான் இருக்கிறது. மெம்பிரேன் எலும்பை வளர்க்காது. அதில் எலும்பு வளர்க்கும் மருந்து ஏதும் பூசியிருப்பதும் வழக்கமில்லை. அது ஒரு வேலி. முரசைத் திறந்து துப்புரவாக்கி மூடியதும், உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கு நாலு பக்கமிருந்தும் கலங்கள் ஓடி வருகின்றன: முரசின் மேற்தோல், அதன் கீழுள்ள நார்த்திசு, பல்லையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் இணையம், எலும்பு. இவற்றில் மேற்தோல்தான் மிக வேகம். சில நாளிலேயே வேரை ஒட்டிக் கீழே இறங்கிவிடும். எலும்புக்கும் இணையத்துக்கும் கிழமைகள், மாதங்கள் வேண்டும். மேற்தோல் முந்திக்கொண்டால் காயம் ஆறும். பல்லை எலும்போடு கட்டும் பிடிப்பு மட்டும் திரும்பி வராது. பாத்தியில் கன்று வேர் பிடிக்க முன் புல் மூடிவிடுவது போலத்தான். ஆகவே வேகமானதை வெளியே மறித்து, மெதுவானதற்கு நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வேரின் மேல் எந்தக் கலம் முதலில் குடியேறுகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை 1976 இல் எழுதியவர் மெல்ச்சர்; உங்கள் அண்ணா இருக்கும் அதே ரொரன்ரோவின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1982 இல் ஸ்வீடனில் நைமன், லிண்டே, காரிங் ஆகியோர் அதை மனிதரில் செய்து காட்டினார்கள். நோயுற்ற கீழ் முன்பல் ஒன்றின் மேல் அவர்கள் போட்டது ஆய்வுகூடத்தில் வடிகட்டப் பயன்படும் செலுலோஸ் தாள். மூன்று மாதம் கழித்துப் பல்லை எடுத்துப் பார்த்தபோது வேரில் புதிய சீமெந்துப் படையும் (வேரைப் போர்த்தும் மெல்லிய கடினப் படை) அதில் ஊன்றிய நார்களும் இருந்தன. 1988 இல் டாலினும் கூட்டாளிகளும் எலிகளின் தாடையெலும்பில் இரு பக்கமும் ஓட்டை போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லான் தாளால் மூடினார்கள். மூடிய பக்கம் 6 கிழமையில் எலும்பால் அடைபட்டது. திறந்து விட்ட பக்கம் 22 கிழமை சென்றும் சரிவர அடைபடவில்லை. முதல் சோதனை உங்கள் அம்மாவின் கதை, இரண்டாவது தம்பியின் கதை.

இனி ஏன் இரண்டு விதம் என்பது. எந்த வேலிக்கும் இரண்டு கேள்வி உண்டு: எவ்வளவு காலம் நிற்க வேண்டும், மேலே எவ்வளவு பாரம் வரும்.

அம்மாவின் பல்லில் எலும்பு ஒரு பக்கம் குழியாகக் கரைந்திருக்கிறது. குழிக்குச் சுவர் இருக்கிறது. ஒரு பக்கம் பல் வேர், மற்றப் பக்கங்களில் மிஞ்சிய எலும்பு. மேலே போடும் தாளை அந்தச் சுவர்களும் உள்ளே நிரப்பும் தூளும் தாங்கும். வேரோரத்தில் கலங்கள் குடியேறும் போட்டியும் முதல் 4 முதல் 6 கிழமைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மெல்லிய, வளையக்கூடிய, தானாகக் கரையும் கொலாஜன் அங்கே போதும். திரும்பத் திறந்து எடுக்கப் போனால் அப்போதுதான் உருவாகிய இளம் திசு காயப்படும் என்பது கரையும் வகையின் பக்கம் இன்னொரு நியாயம்.

தம்பிக்கு அப்படியில்லை. பல் போன முதல் வருடத்திலேயே மேட்டின் அகலம் பாதி வரை குறையலாம், அதிலும் பெரும் பங்கு முதல் 3 மாதத்தில். அடிபட்டுப் போன பல் என்றால் உதட்டுப் பக்க எலும்புச் சுவரும் உடைந்திருக்கக்கூடும். 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள இம்பிளாண்ட் ஒன்றுக்கு முன்னும் பின்னும் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் எலும்பு வேண்டும். அதாவது மேடு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும். அகலம் மட்டும் குறைவென்றால், 3 அல்லது 4 மில்லிமீற்றர் கூட்டுவதற்குக் கொலாஜனும் தூளும், இரண்டு மூன்று சிறிய பின்களும் போதும். உயரமும் குறைந்திருந்தால் கதை வேறு. அங்கே சுவரே கிடையாது. உதட்டின் அழுத்தம் நேரே அதன் மேல் விழும். ஈரமான கொலாஜன் நனைந்த துணி போலப் படிந்துவிடும். படிந்தால் உள்ளே இடமில்லை, இடமில்லாவிட்டால் எலும்பும் இல்லை. கூடாரத்துக்குக் கம்பு போல டைட்டேனியச் சட்டம் கேட்பது இதற்காகத்தான். இந்த எலும்பு முதிர 6 முதல் 9 மாதம் வேண்டும், அவ்வளவு காலம் நிற்கக்கூடியது கரையாத வகைதான். ஆகவே தம்பி தன் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோன் பீம் ஸ்கானில் (தாடையெலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் ஊடுகதிர்ப் படம்) உயரமும் குறைந்திருக்கிறதா, அகலம் மட்டுமா? அகலம் மட்டும் என்றால், கரையும் வகையால் முடிக்க முடியாதா என்று தயங்காமல் கேட்கலாம்.

சாமான்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொலாஜன் தாள்கள் விலங்கின் தோல், குடலைச் சுற்றியுள்ள சவ்வு, இதய உறை, குதிக்கால் தசைநாண் ஆகியவற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தவை. இரத்தத்தை உறைய வைக்கும், நார்க்கலங்களைத் தன்பால் இழுக்கும், முரசு அதன் மேல் நன்றாக ஆறும். குறை, ஆயுள். இயற்கையான நிலையிலேயே விட்ட கொலாஜன் ஒரு சில கிழமையிலேயே இளகத் தொடங்கும். அதன் இழைகளை இரசாயன முறையில் ஒன்றோடொன்று பிணைத்தால் 4 முதல் 6 மாதம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் பிணைப்புக் கூடக் கூட, வெளியே தெரிந்துவிட்டால் ஆறும் தன்மை குறையும். எனவே 'நீண்ட நாள் நிற்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து அதுதான் மேல் என்று எண்ண வேண்டாம். சில தாள்களுக்கு இரண்டு முகம் உண்டு: வழுவழுப்பானது முரசின் பக்கம், சொரசொரப்பானது எலும்பின் பக்கம். மாறிப் போட்டால் பயன் குறையும். நனைந்தபின் இரண்டு முகமும் ஒன்று போலத் தெரியும் என்பதால் நனைக்க முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கொலாஜனைக் கரைப்பது கொலாஜனேஸ் என்ற நொதியம். நம் உடம்பிலும் இருக்கிறது, முரசு நோயை உண்டாக்கும் கிருமிகளிடமும் இருக்கிறது. 16 கிழமை நிற்கும் என்று சொல்லப்பட்ட தாள், வாயில் வெளித்தெரிந்து அழுக்குப் பட்டால் ஒன்றிரண்டு கிழமையில் காணாமல் போவது அதனால்தான். தயாரிப்பாளர் சொல்லும் காலம் மூடிய காயத்துக்கானது.

பி.டி.எஃப்.ஈ. என்பது டெஃப்லான், ஒட்டாத தாச்சியின் பூச்சும் தண்ணீர்க் குழாய்ப் பூட்டில் சுற்றும் வெள்ளை நாடாவும் அதே குடும்பம்தான். மருத்துவத்துக்கென்று தயாரித்துக் கிருமி நீக்கியது வேறு, அவ்வளவே. உடம்பு அதைக் கரைக்கவும் மாட்டாது, எதிர்க்கவும் மாட்டாது. முதலில் வந்த இழுத்து விரித்த வகையின் துளைகள் 5 முதல் 20 மைக்ரோன். திசு அதற்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெளித்தெரிந்தால் கிருமியும் அதே வழியால் உள்ளே போகும். இப்போது கூடுதலாகப் பாவிக்கப்படும் அடர்த்தி வகையின் துளை 0.3 மைக்ரோனுக்குக் கீழ். கிருமிகளில் அநேகம் அதைவிடப் பெரியவை என்பதால் சிறிது வெளித்தெரிந்தாலும் சில நாள் சமாளிக்கலாம். பல் பிடுங்கிய குழியை மூடி, வேண்டுமென்றே திறந்தபடி விட்டு, 3 முதல் 4 கிழமையில் இழுத்தெடுப்பதற்கும் இந்த வகை பாவிக்கிறார்கள். தம்பிக்குச் சொன்னது பெரும்பாலும் இந்த அடர்த்தி வகைக்குள் டைட்டேனியச் சட்டம் வைத்ததாகத்தான் இருக்கும்.

பொலிலக்டிக், பொலிகிளைக்கோலிக் அமிலப் பொலிமர்களால் ஆன செயற்கைத் தாள்களும் உண்டு. நொதியம் தேவையில்லாமல் தண்ணீராலேயே உடைந்து போகும். உடையும்போது அமிலம் வெளிவருவதால் சிலரில் இலேசான அழற்சி வரலாம்.

உங்கள் அடுத்த கேள்வி: தூளை மட்டும் வைத்தால் என்ன? செலவு குறையும், ஆனால் எங்கே குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வேலியில்லாமல் வைத்த தூளின் மணிகளுக்கு இடையில் நார்த்திசு நுழைந்துவிடும். ஊடுகதிர்ப் படத்தில் வெள்ளையாக, எலும்பு போலவே தெரியும். தொட்டால் மணிகள் இறைச்சிக்குள் புதைந்து கிடக்கும். தம்பியின் விடயத்தில் அப்படி நடந்தால் இம்பிளாண்ட் பிடிக்காது. அம்மாவின் விடயத்தில் ஒரு விலக்கு உண்டு. குழி ஒடுங்கி, ஆழமாக, மூன்று பக்கமும் எலும்புச் சுவரோடு இருந்தால், முரசை மிகச் சிறிதாக மட்டும் திறந்து, மெம்பிரேன் இல்லாமல், எனாமல் புரதக் கூழ் ஒன்றை வேரில் பூசியே நல்ல பலன் எடுக்கிறார்கள். குழி அகன்று ஒரு சுவர், இரண்டு சுவர் என்று இருந்தால் தூளும் மெம்பிரேனும் இரண்டும் வேண்டும். கொடுப்புப் பல் என்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: வேர்கள் பிரியும் கவட்டில் எலும்பு போயிருக்கிறதா? ஒரு பக்கத்தால் மட்டும் உட்குழிந்திருந்தால் மெம்பிரேனுக்கு நல்ல வாய்ப்பு. இந்தப் பக்கத்தால் விட்ட கருவி மறுபக்கத்தால் வெளியே வந்தால், மெம்பிரேனுக்குக் காசு செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சைவம் பற்றிய கேள்வி. இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, வைத்தியர் கோபிக்கவும் தேவையில்லை. கொலாஜன் தாள்களில் அநேகம் பன்றி அல்லது மாடு, சில குதிரை, இந்தியாவில் மீனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. தாவரத்திலிருந்து கொலாஜன் வராது. பெட்டியில் 'போர்சைன்' என்று இருந்தால் பன்றி, 'போவைன்' என்றால் மாடு, 'ஈக்வைன்' என்றால் குதிரை. தூளையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் மெம்பிரேனை மட்டும் கேட்டுவிட்டுத் தூளை மறந்துவிடுகிறார்கள். அதிகம் பாவனையில் உள்ள தூள், மாட்டெலும்பின் புரதம் முழுவதையும் நீக்கி மிஞ்சும் கனிமம். மேலே சொன்ன எனாமல் கூழ் பன்றிக்குட்டியின் பல் முளையிலிருந்து வருவது.

விலங்கே வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. தூளுக்கு ஹைட்ரொக்சி அப்பற்றைற், பீற்றா ட்ரைக்கல்சியம் பொஸ்பேற், உயிர்க்கண்ணாடி என்று செயற்கை வகைகள். தாளுக்குப் பொலிமர் வகை, அல்லது பி.டி.எஃப்.ஈ. போட்டு 4 முதல் 6 கிழமையில் எடுத்தல். தம்பிக்குச் சொன்ன மெம்பிரேனில் விலங்குப் பொருள் இல்லை. இன்னொரு வழி, சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பைபிரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம்) தாள். 10 மில்லிலீற்றர் குழாயில், உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் இரத்தம் எடுத்து, உடனே நிமிடத்துக்கு 2700 சுற்றில் 12 நிமிடம் சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறக் கட்டி திரளும். அதை அழுத்தித் தட்டையாக்குவார்கள். இரத்தம் எடுத்து இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சுழற்ற முன்பே உறைந்து, தாள் சரிவராது. காயம் ஆற இது நன்கு உதவும். ஆனால் 7 முதல் 14 நாளில் கரைந்துவிடும் என்பதால் இதை முழு வேலியாக நம்பி அகன்ற குழிக்குப் போடுவது சரியல்ல. மற்றொரு தாளின் மேல் இரண்டாம் போர்வையாகப் போடலாம்.

சொல்லாமல் விட்டால் பிறகு மனம் கலங்கும் என்பதற்காக இதையும் சொல்கிறேன்: அன்ரிபயோற்றிக் கப்சியூலின் கூடு பெரும்பாலும் ஜெலற்றின், அதுவும் விலங்குதான். வில்லையாக எழுதித் தரச் சொல்லலாம். கற்கட் என்ற பழைய தையல் நூல் விலங்கின் குடல்.

அண்ணா வாங்கி அனுப்புவது வேண்டாம். காரணம் மூன்று. மருத்துவச் சாதனங்கள் இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பதிவுக்கு உட்பட்டவை; பொதியில் வந்த தாளை வாயில் வைக்கும் பொறுப்பை எந்த வைத்தியரும் ஏற்கத் தயங்குவார். அடுத்தது வெப்பம். பல கொலாஜன் பெட்டிகளில் 25 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும் பொதி எத்தனை நாள் எந்த அறையில் கிடந்ததென்று யாருக்குத் தெரியும்? மூன்றாவது, அளவு. எந்த அளவு, எந்த வடிவம் என்பதை முரசைத் திறந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும், வைத்தியர் இரண்டு மூன்று அளவைக் கையில் வைத்திருப்பார். அண்ணாவுக்கு உதவ ஆசையென்றால் ஸ்கானுக்கான செலவைக் கொடுக்கட்டும். மற்றது, உறை உங்கள் முன் உடைக்கப்படுகிறதா, திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள ஒட்டுத்தாள் உங்கள் அட்டையில் ஒட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு வெட்டி மிஞ்சிய துண்டை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. ஓட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு மீட்கவும் முடியாது. கொலாஜன் வெந்தால் வெறும் ஜெலற்றின்.

சத்திரசிகிச்சையில் எங்கே பிழை வருகிறது என்று தெரிந்திருந்தால் பின்னர் சொல்லும் கட்டுப்பாடுகளின் காரணமும் விளங்கும். விறைப்பூசி போட்டு, பற்களுக்கிடையில் உள்ள முரசு முனையைச் சேதப்படுத்தாமல் திறப்பார்கள். குழிக்குள் இருக்கும் சிவந்த சதையை முழுவதும் எடுத்து, வேரைச் சுரண்டிச் சுத்தமாக்குவார்கள். தம்பிக்கு எலும்பின் மேல் சிறு துளைகள் இடுவார்கள். மச்சையிலிருந்து இரத்தம் வருவதற்கு. கிருமி நீக்கிய ஈயத்தாள் துண்டு ஒன்றை முதலில் அளவுக்கு வெட்டிப் பார்த்து, அந்த அளவில் தாளை வெட்டுவார்கள். தாள் குழியின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மில்லிமீற்றர் எலும்பின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் ஓரத்தால் மேற்தோல் நுழையும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலை முரசைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தம்பியின் தாள் பக்கத்துப் பற்களில் முட்டக்கூடாது, ஒரு மில்லிமீற்றர் ஆவது விலகியிருக்க வேண்டும். முட்டினால் அந்தப் பல்லோரத்தால் கிருமி இறங்கும். தூளை அழுத்தித் திணிக்கக் கூடாது. மணிகளுக்கிடையே இரத்தக் குழாய் போக இடம் வேண்டும். தாள் அசையவும் கூடாது. அசையும் தாளின் கீழ் இரத்தக் கட்டி குலைந்து, எலும்புக்குப் பதில் தழும்புதான் வரும்; பின்னோ தையலோ போட்டு இறுக்குவது அதற்காக.

கடைசியில் மூடுவதுதான் முழு வேலையின் உயிர். உள்ளே தூளும் தாளும் வைத்ததும் முரசு பழைய அளவுக்குக் காணாது. இழுத்துத் தைத்தால் மூன்றாம் நாள், நாலாம் நாள் தையல் ஓரம் வெளிறி, பிறகு பிரிந்துவிடும். முரசின் உட்புறத்திலுள்ள எலும்புறையில் மெல்லிய கீறல் ஒன்று போட்டு, இழுக்காமலே இரு கரையும் ஒன்றன் மேல் ஒன்று வரும்படி தளர்த்த வேண்டும். பிறகு 5-0 அல்லது 6-0 என்ற மிக மெல்லிய நூலால் இரண்டு அடுக்காகத் தைப்பார்கள். இதில் சாமானின் விலை உதவாது, கைதான் உதவும். விலை கூடிய தாள் மோசமாக மூடப்பட்டால் தோற்கும், சாதாரணத் தாள் நன்றாக மூடப்பட்டால் வெல்லும். வைத்தியரைத் தெரிவு செய்யும்போது என்ன பிராண்ட் போடுகிறார் என்பதை விட, முரசு நோய் அல்லது வாய்ச் சத்திரசிகிச்சையில் அவருடைய பயிற்சி என்ன என்று விசாரியுங்கள்.

அம்மாவின் விடயத்தில் திகதி குறிக்க முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இரத்தப் பரிசோதனை 7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 8 ஐத் தாண்டியிருந்தால் தள்ளிப் போடுங்கள். 7 மில்லிமீற்றர் ஆழம் அவசரமல்ல, இரண்டு மூன்று மாதம் பொறுக்கும். வெற்றிலையை, விசேடமாகப் புகையிலையோடு என்றால், குறைந்தது இரண்டு கிழமை முன்பே நிறுத்தி, காயம் முழுவதும் ஆறும் வரை தொடக்கூடாது. சுண்ணாம்பு காயத்தைச் சுடும், பாக்குத் துகள் தையலுக்குள் ஏறும், புகையிலை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தம்பி சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர் என்றால் அவருக்கும் இதே கண்டிப்பு. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொரு முறை எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், தாடையெலும்பு ஆறுவதை அது பாதிக்கும். அஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுத்தால் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த வைத்தியரிடம் கேட்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும். திகதி குறிக்கும்போது நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி போன்ற விரத நாட்கள் முதல் இரண்டு கிழமைக்குள் விழாமல் பாருங்கள். பட்டினியும் சலரோகக் குளிசையும் புதுக்காயமும் ஒன்றாக வருவது நல்லதல்ல.

பிறகு வீட்டில். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், துணியில் சுற்றி, 10 நிமிடம் வைத்து 10 நிமிடம் விட்டு. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்கு வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். முதல் நாள் பலமாகக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. மறுநாளிலிருந்து 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடீன் (கிருமிகொல்லி வாய்கழுவி) 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், காலை மாலை. பற்பசைக்கும் அதற்கும் இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள், பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும். பற்கள் பழுப்பு நிறமாகும். பிளேன்ரீ குடிப்பவருக்கு இன்னும் கூட. அது பின்னர் துடைத்தெடுக்கக்கூடிய கறைதான். சத்திரசிகிச்சை செய்த இடத்தில் வைத்தியர் சொல்லும் வரை, 2 முதல் 4 கிழமை, தூரிகை படக்கூடாது. மற்றப் பற்களை வழக்கம் போலத் துலக்க வேண்டும். கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், நன்றாக மசித்த சோறு சரி. ஆறவிட்டுச் சாப்பிட வேண்டும். பருத்தித்துறை வடை, முறுக்கு, ஒடியல், கச்சான் ஒரு மாதத்துக்கு வேண்டாம். உதட்டைத் தூக்கி ஒவ்வொரு வருகையாளருக்கும் காயத்தைக் காட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் தையல் இழுபடுகிறது. தையல் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள்.

தம்பிக்கு ஒரு தனி எச்சரிக்கை. முன்பல் இல்லாத இடத்துக்குக் கழற்றிப் போடும் பல் வைத்திருப்பார். அதன் அடிப்பகுதி புதுக்காயத்தை அழுத்தினால் மெம்பிரேன் வெளியே வரும்; முன்பல் பகுதியில் கேட்டறியும் தோல்விகளுக்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டு மூன்று கிழமை அதைப் போடாமல் இருக்க வேண்டும். இருக்க முடியாத வேலை என்றால், அடியைத் தேய்த்து முரசைத் தொடாமல் செய்து, அல்லது பக்கத்துப் பற்களில் ஒட்டிய தற்காலிகப் பல்லாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கலியாண வீடு இருக்கிறது என்று இடையில் எடுத்து மாட்டக் கூடாது.

முதல் சில நாளில் வாயில் ஓரிரு மணிகள் மணல் போலத் தட்டுப்பட்டால் பரவாயில்லை. தையலோரத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விரலால் தொடாமல் அடுத்த நாளே போய்க் காட்டுங்கள். கொலாஜன் தெரிந்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். குளோர்ஹெக்சிடீன் ஜெல் பூசி வைத்தால் கீழிருந்து முரசு தானாக மூடும், எலும்பில் ஒரு பங்கு இழப்பு வரலாம். தம்பியின் கரையாத வகையில் கணக்கு வேறு. திறப்பு 3 மில்லிமீற்றருக்குள், சீழ் இல்லை என்றால் ஜெல் பூசி, கிழமைதோறும் பார்த்து, ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். 3 ஐத் தாண்டினால் அல்லது சீழ் வந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். போட்ட காசு வீணாகிறதே என்று விட்டு வைத்தால், கீழே உண்டான எலும்பும் சேர்ந்து போகும். திறப்பே இல்லாமல் மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமும் காய்ச்சலும் கூடினாலும் அதே அவசரம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். முரசைத் திறந்து சுத்தம் மட்டும் செய்வதோடு ஒப்பிட்டு 2006 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிடுவது), மெம்பிரேனால் கிடைக்கும் மேலதிகப் பிடிப்பு சராசரியாக 1.2 மில்லிமீற்றர் என்று கணக்கிட்டது. சிறிதாகத் தெரியும். 7 மில்லிமீற்றர் ஆழம் 4க்கு இறங்கினால் அம்மா அந்த இடத்தைத் தூரிகையால் தானே துப்புரவாக வைத்திருக்க முடியும் என்பதே அங்கே இலாபம். பல் பழையபடி புதிதாகிவிடும் என்று எவரும் வாக்குத் தரக்கூடாது. குழி ஆழமாகவும் ஒடுங்கியும் இருந்தால் பலன் இந்தச் சராசரியைத் தாண்டும். பல் ஆடுகிறதா, வேர்க்குழாய் உயிரோடு இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு கட்டாமல் தூள் வைப்பதில் பயனில்லை.

தம்பிக்கு 8 மாதத்தில் திறந்து தாளை எடுக்கும்போது அதன் கீழ் மெல்லிய நார்ப்படை ஒன்று இருக்கும், அது வழக்கமானது. எலும்பு அதன் கீழே. அப்போதே இம்பிளாண்டும் வைத்துவிடலாமா என்று முன்கூட்டிக் கேளுங்கள், ஒரு சத்திரசிகிச்சை மிச்சமாகும். அம்மாவுக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கொரு தடவை துப்புரவு. அந்த இடத்தில் அளவுகோலை 6 மாதத்துக்கு முன் யாரும் இறக்கக் கூடாது. ஊடுகதிர்ப் படம் 6 ஆம் மாதமும் 12 ஆம் மாதமும், முன்பு எடுத்த அதே கோணத்தில். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.